இடது குதிகால்

மூன்று வருடம் நான் பார்த்தது
அய்யனாரப்பனின் முதுகை.
நான் லெஃப்ட் கார்னர். அவன் பாடிப் போகிறவன்.
நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் இறங்கிவிட்டால்
எங்களுக்கு மிச்சம்
நனைந்த பனியனும் ஒன்பதாம் எண்ணும்தான்.
ஒன்பதின் வால் உரிந்து
தூரத்திலிருந்து பூஜ்யம் மாதிரி இருக்கும்.

முதல் வருடம் பெஞ்சு.
தேவனாம்பட்டினத்துக் கடல்காற்று
கோட்டுச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போகும்.
மறுபடி மறுபடி போடுவது அவன் வேலை.
பாலிடெக்னிக்கோடு ஆடிய அன்று
எங்கள் ரெய்டருக்குக் கண்ணில் மண் விழ,
"போடா குள்ளஞ்சாவடி" என்றார்கள்.
பேர்கூடத் தெரியாது அப்போது.
போனான். மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்து
கோட்டில் விரல்நகம் வைத்தான்.
நகம்தான். குனிந்து பார்த்துவிட்டுத்தான்
விசில் ஊதினார் நடுவர்.

இரண்டாம் வருடம் நூற்றுப் பதினெட்டுப் புள்ளி.
சிதம்பரத்தில், விழுப்புரத்தில், காரைக்காலில்.
ஸ்கோர் நோட்டில் அவன் கட்டம் போதாமல்
அடுத்தவன் கட்டத்திலும் கோடு கிழித்தார்கள்.
கேன்டீனில் முட்டை தோசைக்குக் காசு வாங்கவில்லை.
பொருளாதாரத்தில் இரண்டு அரியர்,
அதை யாரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும்.
பாய்வதற்கு முன்
அவன் இடது குதிகால்
ஒரு நொடி, இல்லை, அரை நொடி, எழும்.
எதிரே நிற்பவன் கையைப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான்.
பின்னால் நிற்பவனுக்குத்தான் குதிகால்.
நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும்.

மூன்றாம் வருடம், மாசி மகத்துக்கு மறுநாள்,
எங்கள் ஊரில் ராத்திரி மேட்ச்.
ஐயாயிரத்து ஒன்று, ஒரு கோப்பை, ஒரு கிடா.
காலேஜ் ஆட்கள் ஆடக் கூடாது என்று தடை.
ஆடாதவன் யார்.
அவன் ஊர் அந்தப் பக்கம், என் ஊர் இந்தப் பக்கம்.
முதல்முறையாக அவன் முகம் எனக்கு நேரே.
பாடும்போது மேலுதடு பல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதே
அன்றைக்குத்தான் தெரிந்தது.
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
கபடி கபடி கபடிக்கு நடுவே
ஒரு சிரிப்பு எப்படி நுழைந்ததோ.

கடைசி ரெய்டு.
தொட்டால் அவர்கள், பிடித்தால் நாங்கள்.
குதிகால் எழுந்தது.
அது இறங்குவதற்குள் என் இரண்டு கையும் கணுக்காலில்.
மேலே ஐந்து பேர் விழுந்தார்கள்.
ஒரு சத்தம்,
பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்த மாதிரி.
மைக்கில் என் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எந்த நோட்டிலும் ஏறாத மேட்ச்.
அதனால் காலேஜ் காசு தரவில்லை.
ஜிப்மரில் ஆபரேஷனுக்குத் தேதி ஏழு மாதம் தள்ளி.
நாலாவது வாரம் போலீஸ் செலக்‌ஷனுக்குக் கடிதம் வந்தது.
அதை நீளவாக்கில் மடித்து
மாவுக்கட்டுக்குள் விட்டு
அரிக்கிற இடத்தைச் சொறிந்துகொண்டான்.
கிடா எங்களுக்கு. நான் சாப்பிட்டேன்.
சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்போது முதுநகர் ஐஸ் கம்பெனியில் பெட்டி எண்ணுகிறான்.
நேற்று திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
"நல்ல பிடிடா அது" என்றான்,
எட்டு வருடம் கழித்து, டீயை ஊதிக்கொண்டே.
"எப்படிடா கண்டுபுடிச்ச?"

குள்ளஞ்சாவடி வண்டி வந்துவிட்டது.
ஓடுகிற வண்டியில் தாவுகிறவன்
நிற்கட்டும் என்று காத்திருந்தான்.
நின்றது. படியில் ஏறும் முன்
இடது குதிகால் லேசாக எழுந்தது.

என் கை, என்னைக் கேட்காமல், விரிந்தது.